ஞாயிறு வகுப்புக்கு ஆடிட்டர் ஏன் போகிறார்?

தொழிலில் இருக்கிற ஒருவர் வார விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, அதிலும் வயது வந்த மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போகிறார் என்றால் ஊரில் அதற்கு மூன்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. கைச்செலவுக்கு நாலு காசு வருகிறது என்பது ஒன்று. தொழில் ஓடவில்லை, அதனால் போகிறார் என்பது இன்னொன்று. பெயர்ப்பலகையில் ஒரு வரி கூடும், நாலு புது வாடிக்கையாளர் கிடைப்பார்கள் என்பது மூன்றாவது. நல்ல மனசுக்காரர்கள் நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: பாவம், சேவை செய்கிறார்.

நான் சேலத்தில் ஆடிட்டர். தொலைநிலைக் கல்வியில் வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்பு எடுக்கிறேன். அந்த வகுப்பில் உட்காருகிறவர்களில் கணிசமான பேர் ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் இறங்கி வருகிறவர்கள். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கத்துக்காரர்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் பெண், பள்ளிக்கூட அலுவலக உதவியாளர், விடுதி ஒன்றின் வரவேற்பில் நிற்கும் பையன். பையன் என்றாலும் அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. ஊர் சொல்லும் நான்கு காரணங்களையும் இவர்கள் முன்னால் நின்ற அனுபவத்தை வைத்து மறுக்கிறேன். நான்கிலும் மோசமானது நான்காவதுதான். அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அது என் தொழில். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று வரம்பு வைத்தது. அது காகிதத்தில் இருக்கிற உச்சம். வார இறுதி வகுப்பு எடுக்கிறவர்கள் கையில் வாங்குவது அதைவிட எவ்வளவோ கீழே. அதுவும் பருவம் முடிந்து, பில் போட்டு, கையெழுத்துகள் ஏறி இறங்கி வருவதற்குள் அடுத்த பருவம் பாதி ஓடிவிடும். எங்கள் தொழிலில் செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமையே அல்ல. வரித் தணிக்கை அறிக்கை மாத முடிவுக்குள் போயாக வேண்டும். அந்த மாதத்தில் ஒரு முழு நாளை வகுப்புக்கும், முந்தின இரவைப் பாடத் தயாரிப்புக்கும் கொடுக்கிற ஆடிட்டர் வருமானத்தைக் குறைத்துக்கொள்கிறார். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் யாரை வைத்துக் கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும். பணத்துக்காக இதைச் செய்கிறவருக்கு முதலில் கூட்டல் கழித்தல் தெரிந்திருக்காது.

தொழிலில் தோற்றவர்கள்தான் பாடம் நடத்த வருகிறார்கள் என்ற பேச்சுக்கு நம் நாட்டுச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள வேலை எதையும் பார்க்கக் கூடாது என்பது வழக்கறிஞர் குழுமத்தின் கண்டிப்பான விதி. ஆனால் 1979-இல் மத்திய அரசு தனியாக விதிகள் போட்டு ஒன்றை அனுமதித்தது: நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம், தொழிலையும் தொடரலாம். மற்ற வேலைகளுக்கு மூடிய கதவை இதற்கு மட்டும் ஏன் திறந்தார்கள்? நீதிமன்றத்தில் நிற்கிறவர் வகுப்பறையிலும் நிற்பதால் இரண்டு இடத்துக்கும் நன்மை என்று கண்டதால்தான். பி.எஸ். சிவசாமி ஐயர் 1893 முதல் 1899 வரை சென்னைச் சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அதற்குச் சில ஆண்டுகளில், 1907-இல், சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். அம்பேத்கர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பாரிஸ்டராக இருந்தவர். 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வரானார். இவர்களைத் தொழிலில் தோற்றவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

வெளிநாட்டில் இதன் வேர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஜார்ஜ் பர்க்பெக் என்ற இளம் மருத்துவர் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாஸ்கோவில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் காட்டுவதற்காகத் தண்ணீர் இறைக்கும் பம்பின் மாதிரி ஒன்றைத் தகரவேலைப் பட்டறையில் செய்யக் கொடுத்தார். வேலை நடக்கும்போது பட்டறை ஆட்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டு, இது எப்படி இயங்குகிறது, ஏன் இப்படி வளைத்திருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். காசு கொடுத்து வரும் மாணவர்கள் கேட்காத கேள்விகள். அவர்களுக்கென்று மாலையில் இலவச வகுப்பு தொடங்கினார். சில வாரங்களில் நூற்றுக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. பிறகு லண்டனில் மருத்துவராகப் பேர் வாங்கினார். அப்படித் தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 1823-இல், உழைக்கும் மக்களுக்கான மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்க முன்னால் நின்றார். இன்று அது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்க்பெக் கல்லூரி. 200 ஆண்டுகளுக்குப் பிறகும் மாலை வகுப்புக்குத்தான் அதற்குப் பெயர். 1854-இல் அதே நகரில் தொழிலாளர் கல்லூரி தொடங்கியபோது பாரிஸ்டர்கள் போய்ப் பாடம் எடுத்தார்கள். ஜான் ரஸ்கின் ஓவியம் சொல்லிக் கொடுத்தார்.

பர்க்பெக்கை இழுத்தது பட்டறை ஆட்களின் கேள்வி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதமே இதுதான். தொழிலில் இருக்கிறவர் வயது வந்த மாணவரைத் தேடிப் போவது, அவர் தொழிலின் மறுபக்கம் தெரிந்தவர்கள் அங்கேதான் மாணவராக வந்து உட்காருகிறார்கள் என்பதால். அவர்கள் கேட்கிற கேள்வி அலுவலகத்தில் கிடைக்காது. வாடிக்கையாளர் கேட்க மாட்டார்; அவருக்கு வேலை முடிந்தால் போதும். சக ஆடிட்டர் கேட்க மாட்டார். அவரும் நான் படித்த புத்தகத்தையே படித்தவர். பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்காது. அதற்கு எஸ்டேட்டும் தெரியாது, பில்லும் தெரியாது, அது அதன் குற்றமும் இல்லை.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். வருமான வரியில் விவசாய வருமானம் பற்றிய பாடம். பாடப் புத்தகத்தில் தேயிலைக்கு ஒரு கணக்கு, ரப்பருக்கு ஒரு கணக்கு, காப்பிக்கு ஒரு கணக்கு என்று வரிசையாக இருக்கும். 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் காப்பிக்கு உரியது 7பி. தோட்டத்தில் விளைந்த காப்பியைத் தானே கியூரிங் செய்து விற்றால், வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம், அதற்கு வரி உண்டு. மிச்சம் விவசாய வருமானம். கியூரிங்குக்குப் பிறகு வறுத்து அரைத்து விற்றால், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், 40 சதவீதம். கியூரிங் எதுவும் செய்யாமல் விற்றால் முழுவதும் விவசாய வருமானம். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டால் பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது அப்படித்தான் முடிந்திருக்கிறது.

இங்கே முடியவில்லை. எஸ்டேட்டில் ரைட்டராக இருப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர், இரண்டாவது பெஞ்சில் இருந்து கை தூக்கினார்.

“சார், கியூரிங்னா என்னன்னு எங்கே எழுதியிருக்குதுங்க?”

1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி வாசித்தேன். சந்தைக்குத் தயார் செய்வதற்காகக் காப்பிக்குச் செய்யும் இயந்திர வேலைகள், பல்ப்பிங் நீங்கலாக என்பது அதன் சாரம். பல்பரில் போட்டுப் பழத்தின் தோலை உரிப்பது கணக்கில் வராது. அதற்குப் பிறகு பார்ச்மென்ட் ஓட்டை நீக்கி, தரம் பிரித்து, மூட்டை போடும் வேலை வரும்.

“சரிங்க சார். பல்பர்ல போட்டு, ஊறவெச்சு, கழுவி, களத்துல காய வெக்கிறோம். அது வெயில். அதுல இயந்திரம் இல்லீங்க. ஆனா எங்க மலையில பழம் எடுக்க ஆரம்பிக்கிறது நவம்பர், டிசம்பர். அதே சமயம்தான் மழை. களத்துல கொட்டினா புளிச்சுப் போயிரும். அப்ப டிரையர்ல போடறோம். டிரையர் இயந்திரம்தானுங்களே? அப்ப அந்த மூட்டைக்கு மட்டும் வரி உண்டுங்களா?”

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. சட்டத்தின் சொற்களை அப்படியே வைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பிடி இருக்கிறது. பல்ப்பிங்கைத்தான் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள், உலர்த்துவதை விலக்கவில்லை. மறுபக்கம், விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றதாக ஆக்க விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலையும் விவசாயமே என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வெயிலுக்குப் பதில் டிரையர் வந்ததால் வேலையின் தன்மை மாறிவிடுமா என்று கேட்கலாம். இரண்டு பக்கத்தையும் பலகையில் எழுதினோம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் பெண், டிரையரில் போட்டதையும் களத்தில் காய்ந்ததையும் தனித்தனியாக எடை போட்டு எழுதுகிறீர்களா அண்ணா என்று அவரைக் கேட்டார். எழுதுவதில்லை. பழம் வந்த எடை ஒரு நோட்டில், பார்ச்மென்ட் மூட்டை எண்ணிக்கை இன்னொரு நோட்டில். நடுவில் எது வெயிலில் காய்ந்தது, எது சூட்டில் காய்ந்தது என்பதற்குத் தடயமே இல்லை. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கணக்கில் அதைக் காட்ட வழி கிடையாது என்று வகுப்பு தானாகவே கண்டுபிடித்தது.

அடுத்து இன்னொருவர், அதே தோட்டத்துக்காரர் ரோட்டோரக் கடையில் டூரிஸ்ட்களுக்குப் பொடி விற்கிறாரே, அந்தப் பொடிக்கு உண்டான பறிகூலியை எப்படிப் பிரிப்பீர்கள் என்றார். பறிக்கிறவர்கள் பெயர் ஒரே மஸ்டரில்தான் ஏறுகிறது. பழத்தின் எடையை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அராபிகாவில் ஒரு கிலோ சுத்தக் காப்பிக்கு ஏறத்தாழ ஆறு கிலோ பழம் வேண்டும். வறுத்தால் மறுபடியும் எடை குறையும். தண்ணீரில் மிதக்கிற சொத்தைப் பழத்தைத் தனியாக எடுத்து, தோலோடு காயப்போடுவார்கள்; அதன் கணக்கு வேறு. இவ்வளவையும் எனக்கு அவர்கள் சொன்னார்கள். ஆறை எதால் வகுத்து எதால் பெருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நான் சொன்னேன்.

ஏற்காட்டுக் காப்பியை 1820-களில் கொண்டுவந்து நட்டவர் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். வரி வசூலிக்கிற அதிகாரி. காப்பியும் வரியும் அந்த மலையில் ஒன்றாகவே வேர்விட்டவை. இரண்டு நூற்றாண்டாக வரியின் கதையைக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் வேறு, காப்பியின் கதையை மேலே நின்று பார்க்கிறவர்கள் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே அறையில் இருந்தோம். தோட்டக் கணக்கு பார்க்கிற ஆடிட்டருக்கு இதைவிடப் பெரிய படிப்பு எங்கே கிடைக்கும்? மறுநாளே என் அலுவலகத்தில் எஸ்டேட் கணக்குகளுக்கான கேள்விப் பட்டியலில் டிரையர் எடைக்கு ஒரு வரி சேர்ந்தது.

வயது வந்த மாணவர்களைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. பிரமோஷனுக்காக வருகிறார்கள், சான்றிதழ் போதும், படிப்பில் அக்கறை இல்லை என்பார்கள். பிரமோஷனுக்காக வருகிறார்கள் என்பது உண்மை. அதில் என்ன குறை? இருபது வருடம் வேலை தெரிந்த ஒருவர், டிகிரி இல்லை என்ற ஒரே காரணத்தால் நேற்று வந்தவருக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தால், அந்த டிகிரியை அவர் கேட்பது நியாயம். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது; 1985-இல் இக்னோ, 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தன. கிளார்க்காக, கண்டக்டராக, ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இவற்றில் படித்து மேலே வந்தவர்கள் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கென்றே பி.எஃப்.டெக். என்று ஒரு பட்டப் படிப்பைத் தொலைநிலை வழியில் கொண்டுவந்தது. நிலத்தில் நிற்கிறவர் மாணவராகவும் இருக்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தேர்வுக்கு வருமா என்று இவர்களும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, அதிலிருந்து ஒரு நோட்டீஸையோ சம்பளப் பட்டியலையோ உருவி, சார் இதில் பி.எஃப். சரியாகப் பிடித்திருக்கிறார்களா பாருங்கள் என்று கேட்பதும் இவர்கள்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, முதல் பஸ்ஸில் வந்து, மதியம் கண் சொருகுகிறபோதும் உட்கார்ந்திருக்கிறவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பெயர்ப்பலகைக் காரணத்துக்கு ஒரே பதில். ஏமாற்றுகிறவர் இந்த வகுப்பில் நிலைக்க மாட்டார். சங்கத்தில் தினமும் ரொக்கப் புத்தகம் எழுதுகிறவர் முன்னால் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால் கால் மணியில் பிடிபட்டுவிடும். பேர் எடுக்க இதைவிடச் சுலபமான இடங்கள் சேலத்தில் நிறைய இருக்கின்றன.

இப்போது சேவை.

இந்தச் சொல்லைப் பாராட்டாகச் சொல்கிறவர்கள் அதன் விளைவை யோசிப்பதில்லை. சேவை என்றால் ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். சேர்வராயன் மலைக்காரர்களை, அதிலும் மலையாளிப் பழங்குடி மக்களை, எப்போதும் வாங்கிக்கொள்கிற இடத்தில் வைத்துப் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. முகாம் வைத்து, போர்வை கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டு இறங்கி வருகிறோம். அந்தக் கண்ணோடு வகுப்பறைக்குள் போகிற ஆசிரியர் கேள்வியை எதிர்பார்க்க மாட்டார், நன்றியை எதிர்பார்ப்பார். செம்மநத்தத்திலிருந்து வருகிற ஒருவர் கட்டணம் கட்டி, ஒரு நாள் கூலியோ விடுப்போ இழந்து, பஸ்ஸுக்குக் கொடுத்து வந்திருக்கிறார். அவருக்கு நான் தானம் செய்வதாக நினைத்தால் அது அவரை அவமதிப்பது. அவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டதை மறைப்பதும்கூட.

சேவை என்று சொல்லிவிட்டால் நிர்வாகத்துக்கும் வசதியாகிவிடுகிறது. சேவை செய்கிறவர் பில் ஏன் தாமதம் என்று கேட்க முடியாது. பாடத்திட்டம் பழசாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கேள்வித்தாள் எடுப்பதில் இடம் கேட்க முடியாது. வந்தோமா, மூன்று மணி நேரம் நின்றோமா, டீ குடித்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். தொழிலில் இருக்கிறவரை வகுப்புக்கு அழைப்பதன் பயன் முழுவதும் இதில் வீணாகிறது.

எதிர்ப்பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் முழுநேர ஆசிரியர்கள். உங்களைப் போன்றவர்கள் குறைந்த காசுக்கு வந்து நிற்பதால்தான் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் இழுத்தடிக்கிறார்கள் என்கிறார்கள். பிஎச்.டி. முடித்து, நெட் தேறி, பத்துப் பதினைந்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளராகவே இருந்து தலை நரைத்தவர்கள் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. நான் அவர்கள் பக்கம். அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. எனக்குப் பிழைப்பு வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில், ஒரே மணிக்கணக்கு விகிதத்தில் அடக்கியதுதான் தவறு. முழுநேர இடத்தில் முழுநேர ஆசிரியரை, முழுச் சம்பளத்தில் போட வேண்டும். தொழிலில் இருப்பவர் அதற்கு மேல் வருகிறவராக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. நிரந்தர இடத்தைக் காலியாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிற கல்லூரிக்கு நான் போகக் கூடாது என்று முழுநேர ஆசிரியர்கள் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வேன்.

இந்த வேறுபாட்டை மானியக் குழு ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2022-இல் தொழில்துறை அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியர்களாக அழைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. மூன்று ஆண்டு, மிஞ்சினால் நான்கு. வரம்பு வைத்தது நல்லது. ஆனால் நிபுணரின் அனுபவத்தை 15 ஆண்டு என்று அளந்தவர்கள், எதிரே உட்காருகிறவரின் அனுபவத்தை அளக்கவே இல்லை. நிபுணர் பேசுவார், மாணவர் பெற்றுக்கொள்வார் என்ற பழைய கணக்குதான். எதிரே உட்காருகிறவருக்கும் அதே 15 ஆண்டு அனுபவம் இருக்கும்போதுதான் நிபுணரை அழைத்ததன் முழுப் பலன் கிடைக்கும். அந்த மாணவர்கள் பெரிய வளாகங்களின் பகல்நேர வகுப்பில் இல்லை. தொலைநிலை மையத்திலும், அரசுப் பொறியியல் கல்லூரிகளில் டிப்ளமோ முடித்து வேலை பார்க்கிறவர்கள் படிக்கும் பகுதிநேர பி.இ. வகுப்பிலும், வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காகச் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் மலையில் பழம் எடுப்பு உச்சத்தில் இருக்கும். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தொடர்பு வகுப்பை அந்த மாதங்களில் வைத்துவிட்டு, பிறகு வருகைப் பதிவேட்டைக் காட்டி மலைக்காரர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எழுதுகிறார்கள். வகுப்பை பிப்ரவரிக்குத் தள்ள வேண்டும், மேலே போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்தில் முடிக்க வேண்டும், கேள்வித்தாளில் ஒரு கேள்வியாவது மாணவர் தன் வேலையிடத்துக் கணக்கைக் கொண்டு எழுதும்படி இருக்க வேண்டும் என்று வார இறுதி வகுப்பு எடுக்கிற நாங்கள் சிலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு வேண்டும் என்றுதான் அதில் எழுதினோம், மாணவர்களுக்காக என்று எழுதவில்லை. பிப்ரவரியில் வந்தால் அந்த ரைட்டர் டிரையர் நோட்டை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.